வெள்ளம் கொண்டுபோன கால்

சென்ற ஆண்டு கார்த்திகை மழையோடு நடந்தது இது. மாங்குளத்துக்குக் கிட்ட உள்ள எங்கள் ஊரில் குளம் நிரம்பி வான் பாய்ந்து ஊருக்குள் வெள்ளம் வர, இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டு வீடு திரும்பியிருந்தோம். விதைத்த நெல் அத்தனையும் அழுகிப் போயிருந்தது. "இனி விதைக்கேலாது, காணியைக் குத்தகைக்குக் குடுங்கோ" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சோறு காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்காவின் குரலில் ஒப்பாரி கேட்டது. சண்டைக் காலத்தில் செல் குண்டு விழுந்து ஒரு காலை இழந்தவர் அவர். வீட்டில் அவரும் வயதான தாயும் மட்டும்தான். தாய்க்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தேன். செத்த வீடென்றால் எங்கள் பக்கம் அயலில் அடுப்பெரியாது. சோறு அரைவேக்காட்டில் கிடக்க, தண்ணீரை ஊற்றி அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

போய்ப் பார்த்தால், தாய் வேலியில் பாய் காயப்போட்டுக்கொண்டு நிற்கிறார். அக்கா கவிழ்த்த வாளியில் குந்தியிருந்து மாரடித்துப் பாடுகிறார். பள்ளிக்கூடம் போக உழவு இயந்திரத்தில் ஏறிய அவசரத்தில் விட்டுப்போன பொய்க்காலை வெள்ளம் கொண்டுபோய்விட்டதாம்.

"அம்மா தந்த கால் செல்லோட போச்சே
ஆஸ்பத்திரி தந்த கால் வெள்ளத்தோட போச்சே
மிஞ்சின காலுக்கு வேலை கூடிப்போச்சே
மேட்டு வயலுக்கு விதைப்பு நாளாச்சே"

தாய்க்கே சிரிப்பு அடங்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. "செத்த வீடெண்டு அடுப்பையெல்லோ அணைச்சுப்போட்டு வந்தனான்" என்றேன்.

"செத்தது கால்தானே பிள்ளை. எங்களுக்குப் பசிக்குது, போய் மூட்டு" என்றார் அக்கா. கண் சிவந்திருந்ததை நான் பார்த்ததைக் கண்டுவிட்டு, "அழுறதெல்லாம் விடியவே அழுது முடிச்சிட்டன்" என்றும் சொன்னார். அந்த அரைவேக்காட்டுச் சோற்றைத் திரும்பக் காய்ச்சி மூவரும் குழைசோறாகத் தின்றோம்.

ஐந்தாம் நாள், மூன்று மாதத்தில் விளையும் விதைநெல்லோடு அக்கா தடியூன்றி வயலுக்கு வந்தார். வரம்பில் குந்தியிருந்து கைக்கெட்டிய தூரம் வீசுவார், அரக்கி அரக்கி நகர்வார், திரும்பவும் வீசுவார். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு புது வரி. இரண்டு காலோடும் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. விதைநெல் கடகத்தை எடுத்துக்கொண்டு நானும் எங்கள் வயலில் இறங்கினேன். குத்தகைக் கதையைப் பிறகு நானும் எடுக்கவில்லை, கணவரும் கேட்கவில்லை.

கால் பத்து நாளுக்குப் பிறகு யாரோ வீட்டு முள்வேலியில் கிடைத்தது. அதற்கும் ஒரு பாட்டுப் பாடித்தான் உள்ளே எடுத்தார்.

தையில் இரண்டு வயலும் ஒன்றாகப் பச்சை பிடித்து நின்றன. அவர் எங்கள் அயல் என்று சொல்லும்போது என் தலை தானாகவே நிமிரும். இப்போதும் ஒரு கெட்ட செய்தி வந்தால், அடுப்பை அணைக்க நீளும் என் கையை அந்தப் பாட்டுத்தான் பிடித்து நிறுத்துகிறது.