அரூர்த் தலைகளுக்கு அளவெடுத்தவன்

சட்டை சரியாக அமையாவிட்டால் மேலே துண்டைப் போட்டு மறைத்துக்கொள்ளலாம். தொப்பி சரியாக அமையாவிட்டால் எதைப் போட்டு மறைப்பது? கைத்தொழில் செய்து, ஊரார் வாயில் விழுந்து எழும் சகோதரர்களே, என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள். பெங்களூரில் எட்டு வருஷம் தொப்பி வேலை கற்றுக்கொண்டு, அறுபதுகளின் கடைசியில் அரூரில் 'தலைக்கு அளவெடுத்துத் தொப்பி செய்து தரப்படும்' என்று போர்டு மாட்டியவன் நான்.

மாமனார் வைத்த கெடு

கடை திறந்த வாரமே சேலத்திலிருந்து மாமனார் வந்தார். அங்கே அவருக்கு டெய்லர் கடை. வழுக்கைத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு என் கடையை ஒரு நோட்டம் விட்டார். சர்வேயர், ரேஞ்சர் என்று நாலு ஆபீசர்கள் ஆர்டர் கொடுத்திருப்பதைப் பெருமையாகச் சொன்னேன். மனுஷன் மசியவில்லை. "ஆபீசருங்க மாத்தலாயிப் போயிருவாங்க மாப்ள. தீர்த்தமலை மாசித் தேருக்குள்ள உள்ளூர்க்காரன் ஒருத்தன் தலையில உங்க தொப்பியக் காட்டுங்க. இல்லைன்னா எங்கடைக்கு வந்து சட்டைக்குக் காஜா எடுங்க."

மரத்தலை

காஜா எடுக்கவா எட்டு வருஷம் பெங்களூரில் கிடந்தேன்? வயிற்றெரிச்சலோடு உள்ளூர்த் தலை தேடினேன். ரிட்டயர்டு கிளார்க் ஒருவர் தினமும் வந்து தொப்பிகளைத் தடவிப் பார்ப்பார். ஒருநாள் அவரை உட்காரவைத்து நெற்றியைச் சுற்றி நாடாவைப் போட்டேன். எங்கள் தொழிலில், எடுத்த அளவுக்கு முதலில் மரத்தில் ஒரு தலை கடைவோம். அதன்மேல்தான் கம்பளியை இழுத்துப் படியவைப்போம். அலமாரியில் ஆபீசர்களின் மரத்தலைகள் பேரெழுதி வரிசையாக இருந்தன. அவற்றைப் பார்த்தவர் விசுக்கென்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "நான் உசிரோட இருக்கறப்பவே என் தலையத் தனியா வெச்சுப் பாக்க எனக்கு மனசு வரலீங்க."

இட்லிப் பானை

கம்பளி வளைந்து கொடுக்க ஆவி காட்டவேண்டும். என் மனைவி சின்னப்பொண்ணு அந்தப் பக்கம் போனதும் இட்லிப் பானையில் வெந்நீர் வைத்துக் காட்டிவிடுவேன். ஒருநாள் ரேஞ்சர் வாசலில் அவசரப்படுத்தினார். இட்லி வெந்துகொண்டிருந்த பானையையே திறந்து தொப்பியைக் கவிழ்த்துவிட்டேன். ரேஞ்சர் இட்லி வாசனையோடு போனார். இட்லி ஆட்டு வாசனையோடு தட்டுக்கு வந்தது. அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. நிதானமாக என் முன்னால் தட்டை வைத்தாள். "நீங்க நாலு சாப்புடுங்க. மிச்சத்த உங்க மரத்தலைங்களுக்கு வைக்கறேன்."

மாசித் தேர்

தேருக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது சாமி மாதிரி வந்தார் புளி வியாபாரி மாதையன். "சர்வேயர் போட்டிருக்கறாப்பல எனக்கும் ஒன்னு வேணுங்க, தேருக்குப் போட்டுக்கிட்டுப் போறதுக்கு" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் தலையோ சுருட்டை முடி அடர்ந்த காடு. மூன்று தடவை அளவெடுத்துச் செய்தேன். போட்டுப் பார்த்தபோது அச்சாக உட்கார்ந்தது. தேரன்று மாமனாரைத் தீர்த்தமலைக்கே கூட்டிப்போய், அடிவாரத்தில் வெயிலில் நிறுத்தி, "அதோ வர்றாரு பாருங்க!" என்று கை நீட்டினேன்.

வந்தவர் மாதையன்தான். தொப்பி மூக்குமேல் இறங்கியிருந்தது. மனுஷன் எதிரே வருபவர்களையெல்லாம் இடித்துக்கொண்டு வந்தார். தொப்பியைத் தூக்கினால் உள்ளே சந்தனம் பூசிய மொட்டை! மகளுக்குக் காய்ச்சல் குணமானதற்கு வேண்டுதலாம், இப்போதுதான் முடி இறக்கினாராம். அடக் கடவுளே, அளவெடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா! சேலமும் காஜா ஊசியும் என் கண்முன்னால் வந்து நின்றன. மாமனார் பக்கம் திரும்பவே பயம்.

மாதையன் தோளிலிருந்த துண்டை உருவி மொட்டையைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் தொப்பியை அமுக்கினேன். கச்சிதம்! தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தவர், "மொட்டைக்கு வெயிலே ஏறலீங்க, ஜம்முனு இருக்குது" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். ஊரே திரும்பிப் பார்த்தது. மாமனார் தன் தலைத்துண்டை அவிழ்த்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, வழுக்கையை என் பக்கம் குனிந்து காட்டினார். "எனக்கும் ஒன்னு அளவெடுங்க மாப்ள. இதுல எறக்கறதுக்கு ஒன்னுமில்ல, அளவு மாறவே மாறாது."

அன்றிலிருந்து, யார் தலையில் நாடாவைப் போடுவதானாலும் "வேண்டுதல் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்காமல் நான் போடுவதில்லை.