நான் திருத்திய 'கீது'

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்து மதியம், திருவொற்றியூர் தேரடிப் பக்கம் நான் வேலை பார்க்கும் டைப்பிங் கடையில் நடந்தது இது.

நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். இருபது வருடமாக மனு, பத்திரம், கல்யாணப் பத்திரிகை என்று அடித்துத் தள்ளியிருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு தாளும் கடையை விட்டுப் போகும்போது எனக்குப் பயமாகவே இருக்கும். முகூர்த்த நேரத்தைத் தப்பாக அடித்துவிட்டேனோ என்று பாதிச் சோற்றில் எழுந்து கடைக்கு ஓடி வந்ததெல்லாம் உண்டு.

அந்த மாதம் ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். சேலம் பக்கத்துப் பெண். புழலில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்கள் எப்படிப் பேரம் பேசுகிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். அது ஆய்விதழில் வந்தால்தான் அவளுக்குப் பட்டம் கிடைக்குமாம். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்றிவிட வேண்டும் என்றாள். கேட்டதிலிருந்து அவளைவிட எனக்குத்தான் படபடப்பு.

அவள் நோட்டைப் பார்த்து முழுவதையும் அடித்துக் கொடுத்தேன். நோட்டை அவள் எடுத்துப் போய்விட்டாள். கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம், பிழை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தேன். பக்கத்துக்குப் பக்கம் 'இன்னா', 'கீது', 'வூடு'. எனக்கு உடம்பே கூசியது. பெரிய படிப்புப் படித்தவர்கள் பார்த்துச் சிரிப்பார்களே! டைப்பிங் கற்கப் போன முதல் நாள் நான் "இன்னா சார்?" என்று கேட்டு, வகுப்பே சிரித்தது. அன்றோடு வெளியிடத்தில் அந்தப் பேச்சை விட்டவள் நான். என் அம்மாவும் காசிமேட்டில் கூடை வைத்து உட்கார்ந்தவள்தான். அந்தப் பெண்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் தேடி மாற்றும் வசதியைப் போட்டேன். 'இன்னா' எல்லாம் 'என்ன' ஆனது. 'கீது' எல்லாம் 'இருக்கிறது' ஆனது. 'வூடு' தொடங்கி மற்றதையும் இப்படியே மாற்றினேன். அதே ஃபைலிலேயே சேமித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். என்றும் இல்லாமல் அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மூன்று மணிக்கு அவள் வந்தாள். அச்செடுத்த தாளை வாங்கிப் படித்தவள் இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, 'விற்றவர் என்னர் என்பது குறிப்பிடப்படவில்லை'ன்னு இருக்கே, என்னர்னா யாரு?"

இன்னார்! அதற்குள்ளும் ஒரு 'இன்னா' ஒளிந்திருக்கும் என்று நான் கண்டேனா?

"ஃபான்ட் மாறும்போது அப்படி ஆகும் மேடம்" என்றேன். வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

அவள் தாளைத் திருப்பினாள். "இவங்க எல்லாரும் ஏன்க்கா ரேடியோ நியூஸ் மாதிரி பேசறாங்க?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நான்தான் மேடம் மாத்தினேன். படிக்கிறவங்க சிரிப்பாங்களேன்னு…"

"கட்டுரையே அவங்க பேச்சைப் பத்தித்தானேக்கா!"

அவள் கத்தவில்லை. கண் கலங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முழுவதையும் அடித்த எனக்கு அது என்ன கட்டுரை என்றே உறைக்கவில்லை. என் விரலுக்கு எழுத்து தெரியும், அவ்வளவுதான்.

திருப்பி மாற்றவும் வழியில்லை. அவள் சொந்தமாக எழுதிய வரிகளிலும் 'என்ன', 'இருக்கிறது' எல்லாம் உண்டே, அவையும் சேர்ந்து மாறிவிடும். நோட்டு புழலில் இருந்தது. போய் வருவதற்குள் ஐந்து தாண்டிவிடும். அந்தப் பெண்கள் பேசியதன் ஒலிப்பதிவுகள் மட்டும் அவள் செல்போனில் இருந்தன. இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பேச்சாகக் கேட்டுக் கேட்டுத் திரும்ப அடித்தேன். கரண்ட் போய்விடுமோ, நெட் போய்விடுமோ என்று கண் அடிக்கடி கடிகாரத்துக்கே போனது.

நாலரை மணிக்கு ஓர் அம்மாவின் குரல் வந்தது: "இன்னாம்மா நீ, காலீல இருந்து போணியே ஆவல, பாதி வெலைக்குக் கேக்குற? ஐஸும் இல்ல, மீனு கெட்டுகினு கீது. ஒரே பேஜாரா கீதும்மா!"

கை நின்றுவிட்டது. கட்டுரையில் அது 'ஒரே பஜாரா' என்று இருந்தது. பதிவில் குறுக்கே வந்த லாரி ஹாரனில் அவளுக்கு முதல் எழுத்து சரியாகக் கேட்டிருக்காது. அந்தப் பெண் தன் வாழ்க்கையையே ஒரு கடைத்தெருவாகப் பார்க்கிறாள் என்று கீழே ஒரு பாரா முழுக்க விளக்கம் வேறு. நானும் பார்க்காமல் அப்படியே அடித்திருக்கிறேன்.

சொல்வதா, வேண்டாமா? திருத்துகிறேன் என்று போய்த்தான் இவ்வளவும் ஆனது. ஒன்பதாவது படித்தவள் ஆராய்ச்சியில் தப்புக் கண்டுபிடிக்கலாமா? எனக்கே தப்பாகக் கேட்டிருந்தால்? மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

"மேடம், அது பஜாரு இல்ல, பேஜாரு. ஒரே ரோதனையா கீதுன்னு அழுவுறாங்க அந்தம்மா."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, என் வாயிலேயே 'கீது' வந்துவிட்டது என்று.

அவளும் ஒரு தடவை போட்டுக் கேட்டாள். "அய்யோ, ஒரு பாராவே எழுதி வெச்சிருக்கேனே!" என்று தலையில் கை வைத்தவள், அழுகையும் சிரிப்புமாக அந்தப் பாராவை அவளே அழித்தாள். "வேற எங்கயாவது இப்படி இருக்காக்கா? நீங்க சொல்லுங்க, நான் மாத்தறேன்."

ஐந்து மணிக்குச் சில நிமிடம் இருக்கும்போது கட்டுரை போய்ச் சேர்ந்தது. ஆறு மாதம் கழித்து, சில திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள் என்று வந்து சொன்னாள். என்னென்ன திருத்தம் என்று அவள் காட்டுகிறவரை எனக்கு மூச்சே வரவில்லை. அடிக்குறிப்பில் விட்டுப்போன புள்ளிகள்தான்.

இன்றும் பயம் போகவில்லை. ஆனால் யாருடைய பேச்சையாவது தப்பு என்று திருத்தப் போனால் விரல் தானாக நின்றுவிடுகிறது. முதலில் அவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேட்க, என் அம்மாவின் பேச்சை எனக்கே அந்நியமாக்கி வைத்திருந்த நான் அந்த மதியம்தான் கற்றுக்கொண்டேன்.