இறக்கம் உள்ள இடங்களில் மட்டும்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு வருஷ காலம், யார் வீட்டு விசேஷத்துக்குப் போவது, யார் வீட்டுத் துக்கத்தைப் போனிலேயே விசாரித்துவிடுவது என்பதையெல்லாம், அவர்கள் வீட்டு வாசல் எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதை வைத்தே முடிவு செய்தேன்.

காரணம் என் கார். வயதில் என் மகளைவிட மூத்தது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், விளக்குகள் மங்கும், அவ்வளவுதான். ஆனால் இறக்கத்தில் உருளவிட்டு, செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் சமர்த்தாகக் கிளம்பிவிடும். மலைப்பக்கத்தில் வாழ்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு குறையே இல்லை. நான் வாழ்வது தஞ்சாவூரில். இங்கே தண்ணீருக்கே எந்தப் பக்கம் போவதென்று சந்தேகம் வரும். மேடு என்று இருப்பது ஆற்றங்கரைகளும் பாலங்களும்தான். ஆகவே என் வாழ்க்கை பாலங்களை ஒட்டி அமைந்தது.

நான் பாடம் நடத்தும் கல்லூரி வாசலும் தட்டை. எனவே கொஞ்சம் தள்ளி, வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் காரை நிறுத்துவேன். வெள்ளைக் கார். சீட் கிழிந்திருந்ததால் அதன்மேல் ஒரு டர்க்கி டவல். நம் ஊரில் வெள்ளைக் காரும் சீட்டில் டவலும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்பது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கை நம்பாமல், இறங்கியதும் சற்று நேரம் அங்கேயே நின்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயம், ஒருநாள் இரண்டு விவசாயிகள் என் காரருகே காத்திருந்தார்கள்.

"சார், கடைமடைக்கு இன்னும் தண்ணி எட்டிக்கூடப் பாக்கலைங்க. நாத்து காயுது."

நான் பொதுப்பணித்துறை இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகு எதற்காகத் தினமும் பாலத்தில் நிற்கிறேன் என்பதையும் சொல்லவேண்டும். "பாக்கலாம்" என்றேன். அரசாங்கச் சம்பளம் வாங்காமலே அந்தச் சொல் எவ்வளவு இயல்பாக வந்தது! அந்த வாரமே தண்ணீர் வந்துவிட்டது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதன்பிறகு இறக்கத்திலும் கார் கிளம்பாத நாட்களில் அவர்களே வந்து தள்ளிவிட்டார்கள். "கவர்மென்ட் வண்டின்னா இப்படித்தாங்க இருக்கும்" என்று ஆறுதலும் சொன்னார்கள்.

என் மனைவிக்கு இதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. தை மாதம் அவள் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பட்டு வேட்டி கட்டிய சொந்தக்காரர்கள் சாப்பிட்ட கையோடு எங்கள் காரைத் தள்ளினார்கள். அவள் பெரியப்பாவின் வேட்டி பம்பரில் மாட்டிக் கிழிந்தது. இப்போது ஆவணியில் அதே தம்பியின் பெண்ணுக்கு நன்னிலத்தில் நிச்சயதார்த்தம்.

"மண்டபத்து வாசல்லதான் வண்டி நிக்கணும்" என்றாள். "எங்கயாவது பாலத்துல நிறுத்திட்டு என்னைப் பட்டுப்புடவையோட வெயில்ல நடக்க விடக்கூடாது. எங்க வீட்டு ஆளுங்க ஒருத்தர் கை வெச்சுத் தள்ளினாலும், மறுநாள் வண்டிய வித்துடணும்."

சரி என்றேன். என்னால் அந்தக் காரை விடமுடியாது. இத்தனை வருஷம் என்னைப் பொறுத்துக்கொண்ட ஜீவன்கள் இரண்டு. அதில் ஒன்றுதான் இந்த நிபந்தனையை விதித்தது.

பேட்டரியை ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்றிப் பார்த்தேன். அதே 'டிக்'. ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்துவைத்து, மனைவியைச் சாவியைத் திருப்பச் சொல்லிக்கொண்டே இருந்தபோது, என் கை தற்செயலாக ஆக்ஸிலரேட்டர் கேபிளில் பட்டது. தோசைக்கல் மாதிரி சுட்டது. காலால் மிதிக்கிற கம்பி எதற்காகச் சுட வேண்டும்?

விரலை ஊதிக்கொண்டே போனில் தேடிப் படித்தேன். கரண்ட் பேட்டரியிலிருந்து போனால் மட்டும் போதாதாம், திரும்பி வரவும் வேண்டும். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே தடியான எர்த் வயர் இருப்பது அதற்காகத்தான். அந்த வழி அடைபட்டால், கிடைத்த மெல்லிய கம்பி வழியாக முட்டி மோதித் திரும்பும். கம்பி சுடும், மோட்டார் சுற்றாது. டெல்டாவில் பிறந்தவனுக்கு இதற்குப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. இத்தனை மாதமும் நான் பாசன வாய்க்காலையே மராமத்து பார்த்துக்கொண்டிருந்தேன். வடிகாலை எட்டிப் பார்க்கவில்லை.

வடிகாலை அடைத்தது யார்? போன ஆயுத பூஜைக்குக் கார் பளபளக்க வேண்டுமென்று, எர்த் வயரைக் கழற்றி, அது உட்காருகிற இடத்துக்கும் சேர்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் அதன்மேலேயே போல்ட்டை முடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்த ஆள்தான். அது நான். பெயின்ட்டைத் தாண்டிக் கரண்ட் போகாது. என் பக்தியைக் கடவுள் ஏற்றுக்கொண்டிருக்கலாம், கரண்ட் ஏற்றுக்கொள்ளவில்லை.

உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, வயரை மறுபடி முடுக்கினேன். சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது.

"இங்க எடுக்கும்" என்றாள் அவள். "நன்னிலத்துல?"

நன்னிலத்தில் மண்டப வாசல் கேரம்போர்டு மாதிரி தட்டையாக இருந்தது. தட்டு மாற்றி, சாப்பாடு முடிந்து, விடைபெற்றுக் காரில் ஏறினோம். யாரும் கூப்பிடாமலே மச்சினனும் இன்னும் நான்கைந்து பேரும் காருக்குப் பின்னால் வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்கள். பெரியப்பா முன்ஜாக்கிரதையாக இந்தத் தடவை பேன்ட் போட்டு வந்திருந்தார்.

"செகண்ட்ல போட்டுக்கிட்டுக் குரல் குடுங்க அத்தான், தள்ளிடலாம்" என்றான் மச்சினன்.

மனைவி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை நுனி அவள் விரலில் இறுகியிருந்தது. சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்றில் எடுத்தது. கார் நகர்ந்தபோது கண்ணாடியில் பார்த்தேன். நீட்டிய கைகளோடு அப்படியே நின்றார்கள். பந்தியில் தங்கள் இலைக்கு வரும்போது பாயசம் தீர்ந்துபோனவர்களின் முகம்.

கும்பகோணம் தாண்டினோம். ஒரு டீக்கடை முன்னால், சுத்தமான சமதரையாகப் பார்த்து, வேண்டுமென்றே எஞ்சினை அணைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். மறுபடியும் ஒரே சுற்று.

"நல்லாத்தான் எடுக்குது" என்றாள்.

"ஏதோ நம்மால முடிஞ்சது" என்றேன் பணிவாக.

"அப்போ நாளைக்கே யாராவது ஆளைப் பாத்து வித்துடுங்க. இந்த வண்டிக்கு இதைவிட நல்ல நாள் வராது."