குங்குமம் வைத்த வில்லைகள்

என் வேலை என்னவென்று வீட்டில் விளக்கப் போய்த் தோற்றவன் நான். பீங்கான் மாவைப் பிசைந்து, இடியாப்பம் பிழிவது போல மிகச் சிறிய துளை வழியாகப் பிழிந்து, உலையில் சுட்டால் முடி போன்ற இழைகள் கிடைக்கும். அவற்றை ஊதுபத்திக் கட்டு மாதிரி சேர்த்து, இடையில் எபாக்சி பசை ஊற்றி இறுகவிட்டு, கேரட்டைப் போலக் குறுக்கே நறுக்கினால் வில்லைகள். இருபுறமும் வெள்ளி பூசி, சூடான எண்ணெயில் முக்கி உயர் மின்னழுத்தம் கொடுத்துவிட்டால், பிறகு அழுத்தும்போதெல்லாம் அது மின்சாரம் தரும்.

“இவ்ளோ படிச்சு, கடைசில சமையல்தானா?” என்றாள் மனைவி. அந்தச் சமையலும் எனக்கு ஒழுங்காக வராது என்பதை நான் சொல்லவில்லை.

ஒழுங்காக வந்தது ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்த திட்ட உதவியாளரான பெண்ணுக்குத்தான். பெங்களூர் மர்பி டவுனிலிருந்து வருவார். ஒப்பந்த வேலை, அந்த மாதத்தோடு முடிகிறது. வில்லைகளை அடுக்கி, மேலே ஏறி மிதித்தால் ஒரு குட்டி விளக்கு எரிய வேண்டும். திட்டத்துக்குப் பணம் தருகிறவர்களின் ஆய்வுக் குழு வந்து அதைப் பார்த்தால் வேலை இன்னும் ஒரு வருடம் நீளும். எரியாவிட்டால் அவர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மகளின் பள்ளியையும் மாற்றி, ஓசூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயாக வேண்டும்.

குழு வருவதற்கு முன் ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அன்றைக்கு ஸ்க்ரூ டிரைவர் கூடக் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். “ஒண்ணையும் விட்றாதீங்க சார், எல்லாத்துக்கும் வெச்சிடுங்க” என்று குங்குமத்தை என் கையில் கொடுத்தார் அவர். சொன்னதை அப்படியே செய்துவிடுகிறவன் நான். உலைக்கு வைத்தேன், எண்ணெய்த் தொட்டிக்கு வைத்தேன், பரவசத்தில் வில்லைகளுக்கும் ஒவ்வொன்றாக வைத்தேன்.

விடுமுறை கழிந்த காலையில்தான் குழு. நான் போனபோது வில்லைகள் பளபளவென்று இருந்தன.

“ஸ்பிரிட் போட்டு தொடச்சிட்டேன் சார். எப்டி மின்னுது பாருங்க!”

“சூப்பர். ப்ளஸ் பக்கம் எது?”

அவர் முகம் மாறியது. ப்ளஸ் பக்கத்துக்கு நாங்கள் வைத்திருந்த அடையாளம், சிவப்பு மார்க்கரில் ஒரு புள்ளி. குங்குமத்தோடு அதுவும் போயிருந்தது. டார்ச் லைட்டில் பேட்டரி போடுகிற கதைதான். ஒன்றிரண்டு தலைகீழாக இருந்தாலும் ஒன்று தருவதை இன்னொன்று தின்றுவிடும்.

“அய்யோ சார், போச்சு.”

“போகலம்மா. ஒவ்வொண்ணா அழுத்திப் பாத்துடலாம். கோடு மேல போனா ப்ளஸ்.”

மின்னழுத்தத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் மாட்டியதும், தொடுவதற்கு முன்பே திரையில் அலை அலையாகக் கோடு. “பாத்தியா, என்னா பவரு!” என்று துள்ளினேன்.

“அது ஃபேன் சார்.”

அதன் மின்சார இரைச்சலைத்தான் ஒயர் பிடித்துக் காட்டியிருக்கிறது. மின்விசிறியையும் ட்யூப்லைட்டையும் அணைத்தோம். நான் கட்டைவிரலால் டக்கென்று அழுத்தி எடுத்தேன். கோடு மேலேயும் போனது, கீழேயும் போனது. அழுத்தும்போது ஒரு திசை, விடும்போது எதிர்த் திசை.

“காலிங் பெல் அடிக்காதீங்க சார். அழுத்தி அப்டியே புடிங்க. நான் பாக்கறேன்.”

அப்படியே பிடித்தேன். அவர் திரையைப் பார்த்து, “மேல... மேல... இது கீழ, திருப்புங்க” என்று சொல்லச் சொல்ல, வேர்வை சொட்டச் சொட்ட வில்லைகளை அடுக்கினோம். கடைசி வில்லையை மட்டும் அவர் இன்னொரு தடவை அழுத்திப் பார்க்கச் சொல்லிவிட்டு வைத்தார்.

குழுத் தலைவர் நல்ல பருமனான மனிதர். “நானே மிதிக்கலாமா?” என்று கேட்டு ஏறினார். விளக்கு பளிச்சென்றது. “இன்னொந்து சல!”, இன்னொரு தடவை என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு இறங்கி, மறுபடி ஏறினார். மறுபடியும் எரிந்தது. சின்னப் பிள்ளை மாதிரி அவர் குதிக்க ஆரம்பித்தபோது, இழைகளின் கதி என்னாகுமோ என்று ஒவ்வொரு குதிப்பையும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருவழியாக இறங்கி, “ஒரு வருஷம் கண்டின்யூ பண்ணட்டும்” என்றார்.

அவர்கள் போன பிறகு வராந்தாவில் உதவியாளர் தன் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“வேலை இருக்கும்மா. ஆமா, ஒரு வருஷம். ஓசூர்லாம் போக வேணாம், பாப்பா இதே ஸ்கூல்ல படிக்கட்டும்... இல்லம்மா, நான் எங்க அழுவறேன்? ஏசி ஜாஸ்தி, ஜலதோஷம்.”

எங்கள் வராந்தாவில் ஏசி கிடையாது. நான் சத்தமில்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.