படிக்கட்டில் பேசிய பீரோ

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் அந்தக் கம்பெனியில் அவரை எல்லாரும் பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். இளவயதில் ஓர் இரும்பு பீரோவைத் தனியாளாக மாடியிலிருந்து இறக்கிவிட்டார், பட்டம் ஒட்டிக்கொண்டது. வாயையும் பீரோ மாதிரியே பூட்டி வைத்திருப்பார் என்று இன்னொரு காரணமும் சொல்வார்கள். கட்டிய மனைவியிடம்கூட "ம்", "சரி", "சாப்பாடு போடு" என்பதோடு அன்றைய பேச்சை முடித்துக்கொள்ளும் ஆசாமி.

அந்தத் தொழிலில் அது குறையே இல்லை. படிக்கட்டில் சாமான் இறங்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். யாரோ யாருக்கோ "நில்லு" என்று சொல்லப்போக, கீழே பிடித்திருப்பவன் காலை மாற்றி வைத்தால் தீர்ந்தது கதை. அதனால் மேலே இருப்பவன் சாமானை விரலால் தட்டுவான். தட்டினால் நிற்க வேண்டும், மறுபடி தட்டினால் நகர வேண்டும். நடுவில் பேசியவன் மொத்தப் பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். பீரோ ஆயுளில் ஒரு டீகூட வாங்கித் தந்ததில்லை.

அப்படிப்பட்டவரின் இடுப்பு ஒரு குளிர்சாதனப் பெட்டியோடு படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டியபோது பிடித்துக்கொண்டது. வலி தொடை வழியாகப் பாதம்வரை இறங்கியது. டாக்டர் ஸ்கேனைப் பார்த்து, முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது, கத்தி வைக்க வேண்டியதில்லை, பிசியோதெரபிக்குப் போ என்றார். மனுஷன் போனால்தானே! பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் மல்லாந்து கிடந்தார். கால்வலி அதுபாட்டுக்குப் போய்விட்டது, பயம் மட்டும் போகவில்லை. குனிந்தால் முதுகு முறிந்துவிடும் என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். காலையில் மனைவிதான் உட்கார்ந்து அவர் செருப்பு வாரை மாட்டிவிடுவாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

முதலாளி நல்ல மனுஷர். வீடு தேடி வந்து சொன்னார்: "படி இறங்க முடியலன்னா விடுப்பா. ஆபீஸ்ல உக்காந்து போன் எடு."

போன்! நாள் முழுக்கப் பேச வேண்டிய வேலை! பீரோவுக்கு வியர்த்துவிட்டது. மறுநாளே பிசியோதெரபி அறை வாசலில் நின்றார்.

அங்கே இருந்த பெண்மணி கெட்டிக்காரி, கொஞ்சம் வாய்த்துடுக்கும் உண்டு. அவர் முதுகைத் தொடக்கூட இல்லை. தரையில் ஒரு கைக்குட்டையைப் போட்டு எடுக்கச் சொன்னாள். பீரோ பல்லைக் கடித்தார், மூச்சைப் பிடித்து வயிற்றை எக்கினார், முகம் சிவக்க இறங்கி, கைக்குட்டையோடு நிமிர்ந்தார்.

"கைக்குட்டை எவ்வளவு கனம்ணே?" என்று கேட்டாள்.

பீரோ கைக்குட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கனமான சாமானுக்கு மூச்சைப் பிடிச்சா சரி. நீங்க கைக்குட்டைக்கும் பிடிக்கிறீங்க, செருப்புக்கும் பிடிக்கிறீங்க. நாள் பூரா முதுகு இறுகியே கிடந்தா வலிக்காம என்ன செய்யும்? அது ஆறி ரொம்ப நாளாச்சு. நீங்கதான் விடமாட்டேங்கிறீங்க. இனிமே பேசிக்கிட்டே குனியுங்க."

"தூக்கும்போது பேசக்கூடாதும்மா. எங்க சட்டம்."

"அதான் சொல்றேன். பேசுறவனால மூச்சைப் பிடிக்க முடியாது."

போனுக்குப் பயந்து ஓடியவருக்கு இங்கே வந்து வாய்த்ததைப் பாருங்கள். முதலில் சுவரில் இருந்த போஸ்டரை எழுத்துக்கூட்டி வாசித்தார். அது தீர்ந்ததும் மைத்துனனைத் திட்ட ஆரம்பித்தார். மனைவியின் தம்பி, கம்பெனியில் மேல்பக்கம் பிடிப்பவன், திட்டுவதற்கு ஏற்ற பையன். அவனைத் திட்டிக்கொண்டே காலி வாளியைத் தூக்கினார், பிறகு தண்ணீர் வாளி, பிறகு மணல் மூட்டை. இடுப்பை மடித்து உட்கார்ந்து எழுந்தார், குப்புறப் படுத்து கையும் காலும் நீட்டினார். சில நாள் வலி திரும்பி வந்து பயமுறுத்தியது. "வந்தா வரட்டும், சுமையைக் குறைப்போம், நிறுத்த வேண்டாம்" என்பாள் அவள். பெல்ட் அலமாரிக்குள் போயிற்று. டாக்டரும் பார்த்துத் தலையாட்டினார்.

ஆனால் செருப்பு வாரை மட்டும் மனைவிதான் மாட்டிவிட்டாள். பழகிப்போயிருந்தது இருவருக்கும்.

கடைசியில் முதலாளி ஒரே ஒரு வேலை கொடுத்துப் பார்த்தார். குறுகலான படிக்கட்டு, நடுவில் திருப்பம், இறக்க வேண்டியது இரும்பு பீரோ. இறங்கினால் பழைய வேலை, பிடித்துக்கொண்டால் போன். கீழ்ப்பக்கம் பீரோ அண்ணன், மேல்பக்கம் மைத்துனன். விரல் தட்டுக்கு மட்டும்தான் கால் நகரும், பேச்சைக் கட்டளையாக எடுக்கக் கூடாது என்று முன்பே பேசிக்கொண்டார்கள்.

முதுகைக் கீழே காட்டி, பின்னோக்கி இறங்கினார். வாய் ஓடியது. மைத்துனனின் சோம்பல், லாரியின் பிரேக், முதலாளியின் தொப்பை, ஒன்றும் மிச்சமில்லை. திருப்பம் வந்தது. பழைய பயம் அங்கேதான் காத்திருந்தது. பேச்சு நின்றது. மூச்சு நின்றது. இடுப்பு கல்லாக இறுகுவது அவருக்கே தெரிந்தது.

மைத்துனன் தட்டி நிறுத்தினான். "மாமா, பேசு மாமா!"

திட்டுவதற்கு எதுவுமே மிச்சமில்லை. அப்போது வாயில் வந்தது அவரே எதிர்பாராதது.

"உங்கக்கா... தினமும் தரையில உக்காந்து எனக்குச் செருப்பு மாட்டிவிட்டாடா. ஒருநாள்கூட முகம் சுளிக்கல. நான் அவ முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை நல்லதா சொன்னதில்ல. வெக்கமா இருந்துச்சு, அதான். அவ இல்லன்னா நான் இன்னும் மல்லாந்துதான் கிடப்பேன்."

மூச்சு வந்தது. முதுகு இளகியது. மைத்துனன் மறுபடி தட்ட மறந்து நின்றான், "தட்டுடா!" என்று அதற்கும் ஒரு திட்டு வாங்கினான். பீரோ திரும்பியது, இறங்கியது, தரையில் நின்றது. முதலாளி கையைத் தட்டினார்.

நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், படிக்கட்டின் அடியில் மனைவி நிற்கிறாள். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் வந்திருந்தாள். அந்தப் படிக்கட்டில் பேசினால் அடிவரை கேட்கும். கண் நிறைந்திருந்தது, வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"ஏங்க, இவ்வளவு பேசுவீங்களா நீங்க?"

மைத்துனன் படியில் நின்றபடியே கத்தினான். "சட்டம்னா சட்டம்தான்! பேசினது மாமா, டீ மாமாதான் வாங்கித் தரணும்!"

"தர்றேன்டா, எல்லாருக்கும் தர்றேன். யாருக்குச் சக்கரை, யாருக்கு வேணாம், இப்பவே சொல்லுங்க" என்று கேட்டபடியே பீரோ இடுப்பை மடித்துக் குனிந்து, கழன்றிருந்த தன் செருப்பு வாரை மாட்டிக்கொண்டார். குனிந்தது அவருக்குத் தெரியவே இல்லை. வழக்கம்போல உட்காரப்போன மனைவி, பாதியிலேயே நிமிர்ந்து, தனக்குச் சக்கரை தூக்கலாக வேண்டும் என்றாள்.