பதினாறு வீட்டுப் பெட்டி

டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தது என்னை இப்படி ஒரு வம்பில் கொண்டுபோய் விடும் என்று நினைக்கவில்லை. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். வியாசர்பாடியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கோரஸ் பாடிக்கொண்டிருந்தேன். டிரம்ஸ் வாசித்தவர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட, குழுவை நடத்திய அண்ணன் துறைமுகத்துப் பக்கத்து பஜாரில் பழைய சீக்வென்சர், அதாவது கரண்டில் ஓடும் தாளப் பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். தட்டினால் சத்தம் வரும் பதினாறு ரப்பர் கட்டைகள், வரிசைக்கு நாலாக நாலு வரிசை. ஓரத்தில் ஒரு திருகு, தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை.

"நீதான் டைப் அட்ச்சவளாச்சே, இத்த தட்ட மாட்டியா?" என்று என் முன்னால் வைத்தார்.

கோரஸ் என்றால் ஜிகினாப் புடவையில் வரிசையாக நின்று லாலலா பாடுவது. நான் வாயை மட்டும் அசைத்தாலும் யாருக்கும் தெரியாது. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபோது மொத்த மேடையும் என் விரலுக்காகக் காத்திருந்தது. எனக்கு அது வெறி பிடித்தாற்போலப் பிடித்துவிட்டது.

ஆனால் அதற்குள் ஐந்நூறு சத்தங்களுக்கு மேல் இருந்தன. பெயரெல்லாம் மூன்று இங்கிலீஷ் எழுத்தும் ஒரு நம்பரும். திருகை ஒரு பல் நகர்த்தினால் ஒரு சத்தம். ஹெட்போனில் கேட்டால்தான் இன்னதென்று தெரியும். டோலக்கைத் தேடிப் போனால் நாய் குரைக்கும், கண்ணாடி உடையும், ஹெலிகாப்டர் பறக்கும். எந்தக் கல்யாணத்தில் யார் ஹெலிகாப்டர் கேட்டார்களோ!

எங்கள் பக்கத்துக் கச்சேரியில் துண்டுச் சீட்டு வரும். இந்தப் பாட்டைப் பாடுங்கள் என்று எழுதி, கீழே கேட்பவர்கள் பெயரையும் போட்டு அனுப்புவார்கள். அறிவிப்பாளர் மைக்கில் அதைப் படித்து முடிப்பதற்குள் பாட்டுக்கான சத்தம் என் விரலடியில் இருக்க வேண்டும். அவர் படித்து முடிப்பார். நான் ஹெலிகாப்டரில் இருப்பேன்.

ஒரு வரவேற்பில் விசில் பறந்தது. அண்ணன் என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தார்.

"இன்னாமா தேடிகினு கீற? ஞாயித்துக்கெயம ஃபுட்பால் கிரவுண்டுல ப்ரோக்ராமு. அங்கயும் இப்டி தேடிகினு இருந்தே, மறுபடி கோரஸ்ல போய் நின்னுக்க."

ஆறு நாள் இருந்தது. முதலில் நோட்டில் நம்பர்களை எழுதினேன். ஒரு கை பக்கத்தைப் புரட்ட, ஒரு கை திருக, தட்டுவதற்கு மூன்றாவது கை இல்லை. கடைசியில் எரிச்சலில் கண்ட பொத்தானையெல்லாம் அமுக்கியதில் ஒன்று தெரிந்தது: எந்தக் கட்டையில் எந்தச் சத்தம் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். ஐந்நூறையும் யார் கேட்டார்கள்? எங்கள் கச்சேரிக்குப் பதினாறு போதும். எதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. பெட்டியை முறைத்துக்கொண்டே இருந்தேன். நாலு வரிசை, வரிசைக்கு நாலு. அடப்பாவி, இது எங்கள் ஹவுசிங் போர்டு பில்டிங் அல்லவா!

கீழ்த்தளம், அதன்மேல் மூன்று மாடி, தளத்துக்கு நாலு வீடு. எந்த வீட்டில் யார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதன்படி குடி வைத்தேன். கீழ்வீட்டு முதல் கதவு துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அவர் நடந்தாலே தரை அதிரும், அவருக்குப் பெரிய டிரம். இரண்டாம் மாடியில் விடிகிற நேரத்தில் குடத்தை உருட்டும் அக்காவுக்குக் கடம். முதல் மாடிப் புதுமணத் தம்பதிக்குச் சலங்கை. மூன்றாம் மாடியில் கை தட்டிப் புறா விடுகிறவருக்குக் கைத்தட்டல். அவருக்கு அடுத்த கடைசி வீட்டு அம்மாளுக்குப் பித்தளைத் தட்டு சிம்பல், ஏனென்றால் சண்டை ஆரம்பித்தால் ஓய நேரமாகும். எங்கள் வீட்டுக்கு டோலக். அம்மாவிடம் சொல்லவில்லை.

தினமும் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பழகினேன். வெள்ளிக்கிழமைக்குள் பெட்டியைப் பார்க்காமலே விரல் போயிற்று. கடம் வேண்டுமென்றால் அந்த அக்காவை நினைத்தால் போதும்.

சனிக்கிழமை எங்கள் பில்டிங்கில் ஒரு நல்ல காரியம் நடந்தது. மூன்றாம் மாடி அம்மாளுக்கு முட்டி வலி. படி ஏற முடியவில்லை. "யக்கா, நீ கீய வந்துரு. நான் மேல போய்க்கிறேன்" என்றார் மூட்டைக்காரர். பில்டிங்கே சேர்ந்து சாமான் மாற்றியது. அம்மிக்கல்லை நானும் இன்னொருத்தியும் மூன்று மாடி இறக்கினோம். இடுப்பு கழன்றுவிட்டது.

ஞாயிறு மதியம் கிரவுண்டில் ஃபுட்பால் ஃபைனலுக்கு முன்னால் முதல் சீட்டு வந்தது. பாட்டை சிம்பலோடு எடுக்க வேண்டும். அந்த அம்மாளை நினைத்தேன், விரல் நேரே கீழ்வீட்டுக்குப் போனது. தொம்மென்று ஒரு சத்தம். பாடகர் துள்ளித் திரும்பினார், கோல்கீப்பர் சிரித்தான், அண்ணன் மூஞ்சி இருண்டது. பாட்டு முழுக்க சிம்பல் வர வேண்டிய இடத்தில் மூட்டை விழுந்தது.

அம்மிக்கல்லை இறக்கிய இடுப்பு வலித்தபோதுதான் புரிந்தது: அவர்கள் வீடு மாறிவிட்டார்கள், பெட்டியில் இன்னும் மாறவில்லை. அடுத்த சீட்டை எடுத்த அறிவிப்பாளரைப் பார்த்து, இழு என்று கையால் சைகை காட்டினேன். புண்ணியவான், இழுத்தார். "பந்தைக் கண்டால் பாயும் புலிகள், பாசத்தில் பனங்கற்கண்டு, எம்.கே.பி. நகர் நண்பர்கள் அன்போடு, பண்போடு, பணிவோடு..." அவர் பணிவில் இருக்கும்போது இரண்டு பேரையும் பெட்டிக்குள் இடம் மாற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து சீட்டு வந்திருக்கும். ஒன்றுக்கும் நான் காக்கவைக்கவில்லை. சில சீட்டுக்கு அறிவிப்பாளர் முடிக்கும் முன்பே தாளம் கிளம்ப, அவர்தான் பெயர்களை விழுங்கினார். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் நான் எதையும் செய்ததில்லை.

சாயங்காலம் வேனில் சாமான் ஏற்றும்போது அண்ணன் வந்தார். "மொதப் பாட்டுல இன்னா ஆச்சு?" என்றார். மறைக்காமல் சொன்னேன்: பில்டிங், வீடுகள், முட்டி வலி, அம்மிக்கல் எல்லாம். அவர் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு கட்டையைத் தட்டினார்.

"இது யாரு?"

"புறாக்காரர்ண்ணே."

இன்னொன்றைத் தட்டினார். "இது?"

"அது எங்க வூடு."

பெட்டியை மூடி என் மடியில் வைத்தார். "கோரஸுக்கு வேற பொண்ணு பாக்கச் சொல்லிட்டேன்" என்றார்.

"அப்ப நான்?"

"இத்த இனிமே வேற எவன் வாசிப்பான்? உங்க பில்டிங்ல எனுக்கு யாரத் தெரியும்?"