ஆண்டவருக்குக் கொடுத்த பல்சக்கரம்

பாளையங்கோட்டையை விட்டுப் போன ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரின் சாமான்களை விற்றபோது, பித்தளையையும் இரும்பையும் சுழற்றிக் கடைய, காலால் மிதித்து ஓட்டும் சிறிய கடைசல் எந்திரம் ஒன்றை வாங்கி வீட்டு வண்டிக் கொட்டகையில் போட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பித்தவன். வட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். பித்தளைக்கு அது தெரியவில்லை. அறுத்த துண்டெல்லாம் கோணலாகவே வந்தன. மனைவி அவற்றை ஊறுகாய்ச் சாடிகளின்மேல் பாரமாக வைத்தாள்.

என் அக்கா கைம்பெண். பக்கத்துத் தெருவில், கையால் சுற்றும் தையல் எந்திரம் வைத்துப் பிழைத்தாள். கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டிலும் புதுத்துணி எடுப்பார்கள். அந்தத் தையல்தான் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் வருஷச் சோறு. ஒரு ஐப்பசியில், கைப்பிடியோடு சேர்ந்து சுழலும் பல்சக்கரம் பல் உடைந்து நின்றுவிட்டது. சென்னைக்கு எழுதி வரவழைக்க இருந்தாள்.

"வீட்டுலயே பட்டறை இருக்கு. சென்னைக்கு எதுக்குக்கா எழுதணும்?" என்றேன்.

"ஒன் பட்டறையில ஊறுகாய்க்குப் பாரந்தானலே செய்யுத!" என்றாள். ஆனாலும், தம்பி படித்தவன் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தது.

மிதித்தால் கை நடுங்கியது. கையைக் கவனித்தால் கால் நின்றது. அரத்தால் ஒரு பல்லைச் சரிசெய்தால் அடுத்த பல் மெலிந்தது. நிறையப் பித்தளையைப் பாழாக்கிய பின், எப்படி என்று இன்றுவரை எனக்கே விளங்காதபடி, ஒரு சக்கரம் சரியாக அமைந்தது. மாட்டினோம். ஊசி ஏறி இறங்கியது. அக்கா ஒரு குப்பாயச் சட்டையின் ஓரம் முழுவதையும் தைத்துவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. விளைந்ததிலும் செய்ததிலும் முதலாவதை ஆலயத்தில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். மற்றவர்கள் நெற்கதிரும் வாழைத்தாரும் கொண்டுவர, வாத்தியாரான நான் மட்டும் காசு போட்டுக்கொண்டிருந்தேன். இந்த முறை என் கையால் ஆனது ஒன்று இருந்தது. அதைக் கழற்றப் போனேன்.

"ஓடுததை எதுக்குலே கழத்துத?"

"முதற்பலன் ஆண்டவருக்குக்கா. ரெண்டே நாள்ல வேற ஒண்ணு அறுத்துத் தாரேன்."

"ஆண்டவரு சட்டை தைக்கவா போறாரு?"

கேட்டுவிட்டு, பயந்துபோய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆண்டவர் பெயரைச் சொன்னால் அவளால் மறுக்க முடியாது. எனக்கு அது தெரியும்.

ஏலத்தில் அம்பாசமுத்திரத்து வாழைக்காய் வியாபாரி ஒருவர் அதை எடுத்தார்.

"என்னது வே இது?"

"பல்சக்கரம், அண்ணாச்சி. நானே அறுத்தது."

"வாத்தியார் கையிலயா! சவம், தங்கமாட்டுல்லா மின்னுது!"

சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் படைத்தது அதற்காகத்தான்.

இரண்டாவது சக்கரம் வரவேயில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே மிதித்தேன். சென்னைக்கு எழுதவும் வெட்கம். கார்த்திகையும் பாதி போன பிறகு, விற்ற சக்கரத்தையே திரும்பக் கேட்க அம்பாசமுத்திரம் போனேன்.

"காளை கழுத்துல கட்டினேன் வே. பல்லு குத்துச்சு. கொல்லர்ட்ட குடுத்து எல்லாத்தையும் தட்டிட்டேன். இப்பம் பாரும், என்ன வழுவழுப்பு!"

பார்த்தேன். குற்றமில்லாத வட்டம்.

துணி கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு, டவுன் தையல்காரர்களிடம் போனார்கள். மிஞ்சியதை அக்கா கையால் தைத்தாள். அம்பாசமுத்திரத்திலிருந்து திரும்பிய பிறகுதான் சென்னைக்கு எழுதினேன். சக்கரம் வந்தபோது கிறிஸ்துமஸ் கழிந்திருந்தது, எந்திரம் கைமாறியிருந்தது, அக்கா ஒரு பெண்கள் விடுதியில் சமையலுக்குச் சேர்ந்திருந்தாள். பல வருஷ அடுப்புப் புகையில் பிறகு கண்ணும் மங்கியது.

இதற்காக ஆலயத்தில் முழங்காலிட்டு எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அக்காவிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவள் பதில் சொல்லியிருப்பாள்.